நட்சத்திரத் தாளும் சிங்கத் தாளும்

1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதியன்று நம் தேசத்தில் தசாம்ச நாணய முறை அமலுக்கு வந்தபோது, அணாவையும் தம்பிடியையும் தலைமுறை தலைமுறையாக விரல் மடக்கி எண்ணிப் பழகிய ஜனங்களுக்குப் புதிய கணக்கை நாள்தோறும் நினைவூட்டும் சாதனமாக, பாரத தேசத்தின் வரைபடம் பொறித்த தபால் தலை வரிசையொன்று தபாலாபீசுகளுக்கு வந்து சேர்ந்தது. நயா பைசாவில் விலை குறித்த அந்தச் சின்னஞ்சிறு தலைகள், 1965இல் வேறொரு வரிசை தோன்றி அவற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கும் வரையில் நாட்டின் கடிதங்களையெல்லாம் சுமந்தன. ஆகையால் பழைய கடிதக் கட்டு ஒன்று உள்ள எந்த வீட்டிலும் அவை இன்றும் அகப்படும். அவற்றில் ஒரே விலையும் ஒரே வர்ணமும் உடைய இரண்டை எடுத்து அருகருகே வைத்துப் பார்க்கிறவர், சித்திரத்திலோ, எழுத்திலோ, அளவிலோ, ஓரத்துப் பற்களின் எண்ணிக்கையிலோ யாதொரு வேற்றுமையும் காணாமல், இரண்டும் ஒன்றே என்று தீர்மானித்துவிடுவார். அந்தத் தீர்மானம் சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஏனென்றால் 1957இல் வெளிவந்த தலைகள் நட்சத்திர வடிவங்கள் நெருங்கிப் பரவிய தாளிலும், 1958 முதல் வெளிவந்தவை சாரநாத்தில் கிடைத்த அசோக ஸ்தம்பத்தின் சிங்கத் தலைப்பு பரவிய தாளிலும் அச்சாயின. இந்த வேற்றுமையைத் தலையின் முகம் சொல்லாது. முதுகைத் திருப்பித் தாளின் உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

தாளின் உள்ளே இருக்கும் அந்த வடிவத்திற்கு நீர்க்குறி என்று பெயர். வாட்டர்மார்க் என்ற ஆங்கிலச் சொல்லே சேகரிப்பாளர்களின் வாயில் அதிகமாக வழங்குகிறது. தண்ணீரால் எழுதிய குறியன்று அது. தாள் இன்னும் தண்ணீராக இருக்கும்போதே அதில் பதிவது என்பதே பெயரின் பொருத்தம். கந்தலையோ மரக்கூழையோ அரைத்துப் பெருவாரியான நீரில் கலந்து, ஓடுகின்ற கம்பி வலையின் மீது பரப்பும்போது, நீர் கீழே வடிய, நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஈரமான படலமாக நிற்கின்றன. அந்த நிலையில், கம்பியால் வளைத்த உருவங்கள் புடைத்து நிற்கும் இலேசான உருளையொன்று படலத்தின் மேல் உருண்டு செல்லுமாயின், உருவம் தொட்ட இடங்களில் நார்கள் விலகித் தாள் மெலிந்து போகிறது. பிறகு அழுத்தினாலும், உலர்த்தினாலும், மெருகேற்றினாலும் அந்த மெலிவு மாறுவதில்லை. மை தாளின் மேல் ஏறி நிற்பது, ஆகையால் அதைச் சுரண்டலாம், மேலே வேறொன்றை அச்சிடலாம். நீர்க்குறியோ தாளோடு தாளாகப் பிறந்தது.

இந்த உபாயத்தை 13ஆம் நூற்றாண்டில் கண்டவர்கள் இத்தாலியில் பாப்ரியானோ என்னும் ஊரின் காகிதத் தொழிலாளர். தாள் எந்தப் பட்டறையில் உண்டானது என்று காட்டுவதே அவர்களது குறியின் பிரயோஜனம். கையால் தாள் வார்த்த காலத்தில் உருவங்களை அச்சுச் சல்லடையிலேயே தைத்துவைத்தார்கள். இயந்திரத்தில் தாள் ஓடத் தொடங்கிய பின், 1826இல் இங்கிலாந்தில் ஜான் மார்ஷல் என்பவர் மேற்சொன்ன உருளையை அமைத்தார். 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகத்தின் முதல் தபால் தலையாகிய கறுப்புப் பென்னி பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்தபோது, கள்ளத் தலை அச்சிடுவோரைக் குறித்த அச்சம் அதிகாரிகளை வாட்டியது. ஆகவே நார்தாம்ப்டனை அடுத்த ரஷ் மில்ஸ் ஆலையில் ஸ்டேஸி வைஸ் என்பவர் செய்துகொடுத்த தாளில், ஒவ்வொரு தலைக்கும் ஒரு சிறு கிரீடம் என்னும் கணக்கில், தாள் ஒன்றுக்கு 240 கிரீடங்கள் நீர்க்குறியாக அமைந்தன. கள்ளனைத் தடுக்கப் பிறந்த அந்த ஏற்பாடு, நூறு வருஷங்களுக்குப் பின் ஆராய்ச்சியாளனுக்கு முதன்மையான சாட்சியமாகும் என்று அப்போது எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

நம் தேசத்துத் தலைகளின் நீர்க்குறிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஆட்சி மாறிய வரலாறு ஒன்று தாளுக்குள் கிடப்பது தெரியவரும். 1854 அக்டோபரில் தேசம் முழுவதற்கும் பொதுவாக வெளியான முதல் தலைகளைக் கல்கத்தாவில், சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில், காப்டன் துய்லியரின் மேற்பார்வையில் கல்லச்சில் அச்சிட்டார்கள். அத்தாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலச்சினை முழுத் தாளையும் அளாவும் ஒரே பெரிய நீர்க்குறியாக இருந்தது. ஆதலால் தனித்து வெட்டிய ஒரு தலையில் அந்த இலச்சினையின் ஒரு கோடோ வளைவோ விழுந்திருக்கலாம், ஒன்றுமே விழாமலும் இருக்கலாம். அடுத்த ஆண்டிலிருந்து லண்டனில் டி லா ரூ கம்பெனியார் அச்சுப் பொறுப்பை ஏற்று, முதலில் நீலச் சாயை படிந்த மெருகுத் தாளிலும், 1856 முதல் வெள்ளைத் தாளிலும், நீர்க்குறி ஏதுமின்றி அச்சிட்டு அனுப்பினார்கள். 1865இல் யானைத் தலை நீர்க்குறி வந்தது. 1858லேயே கம்பெனி ஆட்சி நீங்கி மகாராணியின் ஆட்சி ஏற்பட்டிருந்தும், தலைகளின் முகத்தில் ‘ஈஸ்ட் இந்தியா போஸ்டேஜ்’ என்ற பழைய வாசகமே 1882 வரை நீடித்தது என்பது கவனிக்கத்தக்கது. 1882இல் வாசகம் ‘இந்தியா போஸ்டேஜ்’ என்று மாற, நீர்க்குறியும் யானைத் தலையிலிருந்து நட்சத்திரமாக மாறிற்று.

யானைத் தலைத் தாள் நம் கரையோடு நின்றதில்லை. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய நிர்வாகத்தினின்று பிரிந்தபோது, சொந்தத் தலைகள் வந்து சேரும் வரையில், இந்தியத் தலைகளின் மேலேயே கிரீடத்தையும் ஸெண்டு விலையையும் மேலச்சிட்டு விற்றார்கள். அவற்றின் முதுகில் யானைத் தலை இருக்கிறது; அந்த ஆண்டின் இறுதியில் வந்த சொந்தத் தலைகளிலோ கிரீடமும் இரண்டு ‘சி’ எழுத்துக்களும் இருக்கின்றன. அக்கரைச் சீமைக்குப் பிழைக்கச் சென்றோரின் கடிதங்களைச் சுமந்த தலைகளிலே நிர்வாகம் கைமாறிய கணம் இவ்வாறு பதிந்து நிற்கிறது.

இங்கே ஆராய்ச்சியாளன் நிதானிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1856க்கும் 1864க்கும் இடையே வெளிவந்த நீல வர்ண அரையணாத் தலையும், 1865க்குப் பின் வந்த அதே அரையணாத் தலையும் தோற்றத்தில் ஒன்றே. முன்னதற்கு நீர்க்குறி இல்லை, பின்னதற்கு யானைத் தலை உண்டு. யானைத் தலை கண்ணுக்குத் தெரிந்தால் வழக்கு முடிந்தது. தெரியாவிட்டால்? தெரியாமையை இன்மை என்று கொள்ளலாமா? அளவை நூலார் இந்தக் கேள்வியை ஆதியிலேயே எழுப்பியிருக்கிறார்கள். மணிமேகலை கூறும் பத்து அளவைகளுள் அபாவம் என்பதும் ஒன்று. ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லை என்று அறிவதும் அறிவே என்பது அதன் தாத்பரியம். ஆனால், அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணுக்குப் பட்டிருக்கும் என்ற நிலை இருந்தாலொழிய, காணாமை இன்மைக்குப் பிரமாணம் ஆகாது என்று தருக்க நூலார் ஒரு நிபந்தனை விதித்தார்கள். இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்லலாகாது. தபால் தலையும் அப்படியே. தாள் தடித்திருக்கலாம், உருளை இலேசாகப் பதிந்திருக்கலாம், பழைய பசை திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கலாம், அச்சின்போது தாள் விலகி, யானையின் தலை அடுத்த தலைக்கும் இதற்கும் நடுவே விழுந்திருக்கலாம். ஆகையால் நீர்க்குறி உண்டு என்ற முடிவை ஒரு பரிசோதனையில் சொல்லலாம். இல்லை என்ற முடிவைப் பல பரிசோதனைகளுக்குப் பின்னரும், தாளின் தன்மை, மையின் சாயல், முத்திரையின் தேதி ஆகிய மற்றச் சாட்சியங்களும் ஒத்துவந்த பின்னரும்தான் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் 1894இல் நீர்க்குறியின்றி அச்சான தலைகளையும், 1895 முதல் ‘அந்நாட்டுத் தபால் தலை’ என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களை இரட்டைக் கோட்டில் கொண்ட தாளில் அச்சான அதே தலைகளையும் பிரிக்கப் புகுந்தவர்களும் இதே இடரைத்தான் எதிர்ப்பட்டார்கள். அங்கே ஓர் எழுத்தின் ஒரு துணுக்கு மட்டுமே ஒரு தலைக்குக் கிட்டுவது சகஜம்.

நட்சத்திரத்துக்கு வருவோம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் தாங்கிய தலைகள் 1911 முதல் வழங்கலாயின. லண்டனில் டி லா ரூ கம்பெனியார் அச்சிட்ட அவற்றில், தலைக்கு ஒன்று என்ற முறையில் தனி நட்சத்திரம் இருந்தது. 1925இல் நாசிக்கில் அரசாங்கத்தின் பாதுகாப்பு அச்சகம் ஏற்பட்டு, எழுபது ஆண்டுகளாக லண்டனிலிருந்து கப்பலேறி வந்த தலைகளை இங்கேயே அச்சிடும் காலம் பிறந்தது. 1926 முதல் நாசிக்கில் அச்சான தலைகளுக்குரிய தாளில் நட்சத்திரங்கள் தனித்து நில்லாமல், நெருங்கிய வரிசைகளாகத் தாள் முழுவதும் பரவின. காலணா, அரையணா, பழுப்பு வர்ண ஓரணா முதலியவை இரண்டு தாளிலும் உண்டு. மன்னர் அதே மன்னர். கிரீடம் அதே கிரீடம். ஆயினும் ஒன்று தேம்ஸ் நதிக் கரையின் தொழில், மற்றொன்று கோதாவரிக் கரையின் தொழில். இந்தியாவின் தபால் தலை இந்தியாவிலேயே தொடர்ந்து அச்சாகத் தொடங்கியதற்கு, அதன் முகத்தில் எந்த அடையாளமும் இல்லை. அந்த மாறுதலைப் பதிவு செய்தது நீர்க்குறி ஒன்றே.

இவ்விரண்டையும் பிரிப்பது சுலபம் என்று கருதிப் பலர் ஏமாறுகிறார்கள். தலையின் மேல் விளிம்பில் பாதி நட்சத்திரமும் கீழ் விளிம்பில் பாதி நட்சத்திரமும் தெரிந்தால், ‘இரண்டு நட்சத்திரம் இருக்கிறது, ஆகையால் நாசிக் அச்சு’ என்று அவசரமாக முடிவு கட்டுகிறார்கள். தனி நட்சத்திரத் தாள் அச்சு யந்திரத்தில் சற்று விலகினால், ஒரு தலைக்கு உரிய நட்சத்திரம் வெட்டுண்டு, அதன் பாதி இங்கும் பாதி அண்டைத் தலையிலுமாக விழும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. அப்போது இரு துண்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் தலையின் முழு உயரத்துக்குச் சமானமாக இருக்கும், நடுவெளி வெறுமையாகவும் இருக்கும். நெருங்கிய நட்சத்திரத் தாளிலோ வெறுமையான நடுவெளிக்கே இடமில்லை. ஆகவே நட்சத்திரங்களை எண்ணுவதைக் காட்டிலும் அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை அளப்பதே உத்தமமான முறை.

1947இல் சுதந்திரம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தேசியக் கொடி தலையின் முகத்தில் ஏறிற்று. 1949 ஆகஸ்டு 15இல் நம் புராதனச் சிற்பங்களையும் கோயில்களையும் தாங்கிய வரிசை வெளிவந்தது. 1950இல் குடியரசு பிறந்தது. முகத்தில் இத்தனை மாறுதல் நேர்ந்தும், தாளுக்குள் 1926ஆம் வருஷத்து நட்சத்திரமே இருந்துவந்தது. அசோகச் சிங்கம் அந்த இடத்துக்கு வந்தது 1958இல்தான். மன்னரின் உருவம் நீங்கியதற்கும் நீர்க்குறி நீங்கியதற்கும் இடையே கிட்டத்தட்ட பத்தாண்டு இடைவெளி உண்டு என்பதை, நயா பைசாத் தலைகளை வெறும் சில்லறை என்று ஒதுக்குகிறவர்கள் அறிய வாய்ப்பில்லை. இந்தோசீனாவில் சமாதானக் கண்காணிப்புக்குச் சென்ற நம் வீரர்களுக்காக லாவோஸ் என்றும் வியட்நாம் என்றும் இதே வரைபடத் தலைகளில் மேலச்சிட்டார்கள். அவற்றிலும் முதலில் நட்சத்திரத் தாளும் பின்னர் சிங்கத் தாளும் வருகின்றன.

தென்கோடியில் இன்னும் சுவாரசியமான காட்சி ஒன்று உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தபால் சேவைக்கு ‘அஞ்சல்’ என்றே பெயர். நாம் இன்று தபாலுக்கு வழங்கும் சொல்லைத் தன் பெயராகக் கொண்டிருந்த அந்தச் சேவை, 1951இல் இந்தியத் தபாலோடு இணையும் வரை, நாகர்கோவில் முதலிய தமிழ் ஊர்களிலும் நடந்துவந்தது. 1888இல் அது வெளியிட்ட முதல் தலைகளின் முகத்திலே இருந்தது பத்மநாப சுவாமியின் சங்கு. அவை நீர்க்குறியில்லாத கோட்டுத் தாளில் அச்சாயின. அடுத்த ஆண்டிலிருந்து வந்த தாளில் உள்ளேயும் சங்கு அமைந்தது. முகத்திலும் சங்கு, முதுகிலும் சங்கு. அதன் பிறகு காலத்துக்குக் காலம் வாங்கிய தாள்களில் சங்கின் பருமனும், வளைவும், இடைவெளியும் வேறுபட்டபடியால், சக்கரம் என்னும் சமஸ்தான நாணயத்தில் விலை குறித்த ஒரே தலையைச் சங்கின் வடிவை மட்டும் கொண்டு பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்துக் குறியிட்டுத் தபால் தலை அடைவுகள் பட்டியலிடுகின்றன. அண்டைச் சமஸ்தானமாகிய கொச்சி குடையை நீர்க்குறியாகக் கொண்டது. இலங்கையில் ஐந்தாம் ஜார்ஜின் 1912ஆம் வருஷத்து வரிசையில் கிரீடமும் ‘சிஏ’ என்ற நேரெழுத்துக்களும் பரவியிருக்க, 1921 முதல் அதே தலைகளில் அவ்வெழுத்துக்கள் கையெழுத்துப் போலச் சாய்ந்து வளைந்து வருகின்றன. குடியேற்ற நாடுகளுக்குத் தலைகள் தருவித்த கிரௌன் ஏஜெண்டுகளின் முதலெழுத்துக்கள் அவை. ஓர் எழுத்தின் ஒரு வளைவு அகப்பட்டாலும் இலங்கைத் தலையின் காலத்தை நிச்சயிக்கலாம்.

இனி, காணும் முறை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதே எளியது. மெலிந்த இடத்தின் வழியாக ஒளி மிகுதியாக வருவதால், குறி பிரகாசமாகத் தெரியும். ஆனால் முகத்தில் உள்ள சித்திரமும் முத்திரை மையும் குறுக்கிடுவதால், பல தலைகளில் இது பயன்படாது. அடுத்தது, கறுப்பு ஓட்டின் மேலோ மெருகேறிய கறுப்புத் தட்டிலோ தலையை முகம் கீழாகக் கிடத்தி, பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் முதுகைப் பார்ப்பது. அப்படியும் தெளியாவிட்டால், பெட்ரோலிய பென்ஸைன் என்னும் தெளிந்த திராவகத்தில் இரண்டு சொட்டு விட வேண்டும். நார்களுக்கு இடையே உள்ள காற்றை நீக்கி அந்தத் திராவகம் புகும்போது தாள் கண்ணாடி போலாகி, மெலிந்த இடங்களின் ஊடே கீழேயுள்ள கறுப்பு அதிகமாகத் தெரிய, குறி இப்போது கறுத்துத் தோன்றும். வெளிச்சத்தில் வெளுத்துத் தெரிந்த அதே நட்சத்திரம் திராவகத்தில் கறுத்துத் தெரிவதன் காரணம் இதுவே. சில கணங்களில் திராவகம் ஆவியாகிவிடும். தண்ணீரைப் போலப் பசையைக் கரைக்காதாகையால், உபயோகிக்காத தலைக்கும் பெரும்பாலும் சேதமில்லை. குறியோடு கூடவே, தாளில் உரிந்த இடம், மடிந்த கோடு, ஒட்டுப் போட்டு மறைத்த கிழிசல் எல்லாம் கரும்புள்ளிகளாக வெளிப்படும்.

ஆனால் இத்திராவகம் எளிதில் தீப்பற்றக்கூடியது; விளக்கின் அருகே வைத்தலாகாது; ஜன்னல் திறந்திருக்க வேண்டும். முற்காலத்தில் பலர் கையாண்ட கார்பன் டெட்ராகுளோரைடு தீப்பற்றாவிட்டாலும், அதன் ஆவி ஈரலைக் கெடுப்பதால் அதை அறவே விலக்க வேண்டும். சில போட்டோகிராவூர் அச்சுத் தலைகளின் மை திராவகத்தில் கரைந்துவிடும். ஆகையால் மதிப்பு உயர்ந்த தலையில் கை வைப்பதற்கு முன், அதே வகையைச் சேர்ந்த மலிவான தலையில் சோதித்துப் பார்ப்பது கடமை. மஞ்சள், ஆரஞ்சு வர்ணத் தலைகளில் சித்திரத்தின் பிரதிபலிப்பு குறியை விழுங்கிவிடுவதால், அவற்றை வர்ணக் கண்ணாடியின் ஊடே பார்ப்பவர்கள் உண்டு.

குறி தெரிந்த பின்னும் அதன் திசையைக் கவனிக்க வேண்டும். அடைவுகள் நீர்க்குறியை முகத்தின் பக்கத்திலிருந்து பார்ப்பதாக வைத்துச் சொல்கின்றன. நாமோ முதுகைப் பார்க்கிறோம். ஆகையால் நமக்கு இடவலம் மாறித் தோன்றுவதே நேரான நிலை. தலைகீழான குறி என்றவுடன் அபூர்வம் என்று பரபரப்பவர்கள், சிறு புத்தகங்களாகத் தைத்து விற்கும் தலைகளில் பாதியளவு தாளின் அமைப்பினாலேயே தலைகீழாக வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். உண்மையான அபூர்வம் உருளையின் பழுதினால் உண்டாவது. 1950களின் தொடக்கத்தில், சாய்ந்த ‘சிஏ’ எழுத்துத் தாளைச் செய்த உருளையிலிருந்து கிரீட உருவம் ஒன்று கழன்று விழ, சிறிது காலம் அந்த இடம் வெறுமையாகவே பதிந்தது. பிறகு பழுது பார்த்தவர்கள் வேறு வடிவமான புனித எட்வர்டின் கிரீடத்தைப் பொருத்திவிட்டார்கள். பல குடியேற்ற நாடுகளின் தலைகளில் கிரீடம் விடுபட்ட நீர்க்குறியும் தவறான கிரீட நீர்க்குறியும் அகப்படுவது இதனால்தான். ஒரு தொழிலாளியின் கைப்பிழை கடல் கடந்த பல தேசங்களின் கடிதங்களில் பரவிக் கிடக்கிறது.

கள்ளத் தலை செய்வோர் எண்ணெயாலோ நிறமற்ற மையாலோ முதுகில் குறியை அச்சிட்டும், தாளைச் சுரண்டி மெலியவைத்தும் முயன்றிருக்கிறார்கள். மேலே அச்சிட்ட குறி தாளின் மெலிவாக இல்லாததாலும், சுரண்டிய இடத்தில் நார்கள் அறுந்து நிற்பதாலும், பூதக்கண்ணாடிக்கு இந்த வஞ்சகம் தப்புவதில்லை.

பிரிட்டன் 1967இல் வெளியிட்ட மேச்சின் வரிசையோடு தன் அன்றாடத் தலைகளுக்கு நீர்க்குறியைக் கைவிட்டது. கடிதங்களை இயந்திரம் பிரிப்பதற்காக முகத்தில் பூசிய ஒளிரும் பாஸ்பரக் கோடுகளே அவற்றின் அடையாளமாயின. இனிப் பிறக்கும் தலைகளில் பெரும்பாலும் நாம் நீர்க்குறியைத் தேட வேண்டியதில்லை. பிறந்துவிட்ட தலைகளில் இருக்கும் சாட்சியத்தைக் காப்பது மட்டுமே நம் பொறுப்பு. நம் வீடுகளில் தலை சேகரிக்கும் பிள்ளைகள் கோந்தையும் செல்லோடேப்பையும் கொண்டு நோட்டுப் புத்தகத்தில் முதுகை இறுக ஒட்டிவிடுகிறார்கள். மையும் வர்ணமும் அப்படியே இருக்க, படிக்க வேண்டிய பக்கம் மட்டும் அழிந்துபோகிறது. பெற்றோரும் ஆசிரியரும் இதைத் தடுக்க வேண்டுகிறேன். தலையை ஒட்டாமல் காகிதப் பட்டையில் செருகி வைக்கட்டும். பழைய கடிதக் கட்டு கையில் உள்ளவர்கள் அதிலிருக்கும் வரைபடத் தலைகளை எடுத்து, ஒரு கறுப்பு ஓட்டின் மேல் முகம் கீழாகக் கிடத்தி, நட்சத்திரத்தை ஒரு குவியலாகவும் சிங்கத்தை ஒரு குவியலாகவும் பிரித்து வைப்பார்களாக. உறைமேல் ஒட்டிய தலையாயின் உரிக்க வேண்டாம். முத்திரையின் தேதி அதைவிடப் பெரிய சாட்சி.